மூன்றாவது ஹால்டனின் மூக்குக்கண்ணாடி

எழுமலை
3.8.2025

உமர் பாரூக் அவர்களுக்கு,

கருத்தக்கண்ணன் சொல்ல, மருமகள் செல்லத்தாய் எழுதுறது. இங்க மழை இல்லை. ஆடு ரெண்டு, நான் ஒண்ணு, மூணு பேரும் சுகம். நான் சுகமா இருக்கிறது உனக்குத் தெரியாது போல. உன் புத்தகத்துல நான் செத்துப்போயிட்டேனாமே?

செல்லத்தாய் இங்க கிளை நூலகத்துல கூட்டிப் பெருக்குற வேலை பாக்குறா. அட்டையில ஒரு வெள்ளைக்காரன் துப்பாக்கியோட நிக்கிறான், மாமா பாத்தா சந்தோசப்படுவாருன்னு எடுத்துட்டு வந்தா. 'ஐந்து முகங்கள், ஓர் ஒற்றன்'. எழுதினது நீ. அம்பத்தஞ்சு வருசமா வந்துக்கிட்டிருக்கிற அந்த இங்கிலீசுப் பட ஒற்றன் ஹால்டனா அஞ்சு பேரு நடிச்சிருக்கான், அதுல யாரு ஒசத்தின்னு எழுதியிருக்கே. எனக்கு ரொம்பப் பெருமை. படி தாயின்னேன். மொதப் பக்கத்துல நன்றி. அதுல கடைசி வரி: 'பெயர் நினைவில் இல்லாத, எழுத்தறிவு இல்லாத, இன்று உயிரோடும் இல்லாத ஒரு டிக்கெட் கிழிப்பவருக்கும்.'

மூணு 'இல்லாத' போட்டிருக்கே. நடுவுல உள்ளது நிசம். மத்த ரெண்டையும் நீ தெரிஞ்சேதான் எழுதினே. மூணு வருசத்துக்கு முந்தி, புரட்டாசி ரெண்டாவது சனி, சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பு. நீ கத்திரிப்பூக் கலர் சட்டை, கையில துணிப்பை. 'டேய் உமரு'ன்னேன். திரும்பினே, பாத்தே, ஆட்டோவுல ஏறிட்டே. அன்னைக்கு உன்னைச் செத்தவனா கூப்பிட்டான்?

முப்பத்தோரு வருசம் மதுரையில அந்த சினிமாக் கொட்டகை வாசல்ல டிக்கெட் கிழிச்சேன். எதிர்ல உங்க அத்தாவோட தொப்பிக் கடை. படம் பாத்தா தோலை உரிச்சிருவாருன்னு நீ கொட்டகைப் படி மிதிச்சதில்லை. மத்தியானம் அவரு தொழுகைக்குப் போன உடனே நான் வரணும், ஹால்டன் கதை சொல்லணும். ஒவ்வொரு படத்தையும் நான் நாப்பது தடவை பாத்தேன், நீ ஒரு தடவை கேட்டே. இப்ப நீ பாத்தவன், நான் செத்தவன்.

'முதலாம் ஹால்டன் கதவைத் திறப்பதில்லை. கதவு தானாகத் திறக்கும் என்று நிற்கிறார்.' யாரு சொன்னது அது? 'நான்காமவர் கசங்கிய சட்டையோடு பிறந்தவர்.' அதுவும் யாரு சொன்னது? செல்லத்தாய் படிக்கப் படிக்க அடுத்த வரியை நான் சொன்னேன். அவ பயந்துட்டா.

அடுத்த மாசம் ஏழாம் தேதி உனக்கு விருது விழாவாம், நூலகத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. அந்த மேடையில மைக்கைப் பிடிச்சு 'கருத்தக்கண்ணன்'னு என் பேரைச் சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்.

போன் பண்ணலாம்தான். பண்ணினா கட் பண்ணுவே. காகிதத்தைக் கட் பண்ண முடியாது.

இப்படிக்கு
கருத்தக்கண்ணன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)


கோரிப்பாளையம்
11.8.2025

அன்புள்ள கருத்தக்கண்ணனுக்கு,

இறைவன் அருளால் இங்கு யாவரும் நலம். என் மனைவி லத்தீபாவுக்கு மட்டும் முட்டு வலி. மகள் ஃபாயிஸா வந்திருக்கிறாள். உன் கடிதம் கண்டு மகிழ்ச்சியும் வருத்தமும் ஒன்றாக வந்தன. கொரோனா சமயத்தில் நீ தவறிவிட்டாய் என்று யாரோ சொன்னார்கள். யார் என்று இப்போது நினைவில்லை. பஸ் ஸ்டாப்பில் நீ பார்த்தது வேறு யாராவது இருக்கும். எனக்குக் கண்புரை எடுப்பதற்கு முந்திய காலம் அது.

நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கதை சொல்வது வேறு, புத்தகம் எழுதுவது வேறு. நீ தந்தது துணி. தொப்பியாகத் தைத்தவன் நான். துணி கொடுத்தவன் பெயரை எந்தத் தொப்பியிலும் போடுவதில்லை. ஆறு வருடம் உழைத்திருக்கிறேன். மூன்றாம் ஹால்டனுக்கு நான் முதலிடம் கொடுத்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். தன் கையால் சுட்ட நண்பனின் மூக்குக்கண்ணாடியைத் தரையிலிருந்து எடுத்து, துடைத்து, செத்தவன் முகத்தில் மாட்டிவிட்டுப் போகிறாரே, அந்தக் காட்சி! மற்ற நால்வரில் யாரால் முடியும்? விருதே அந்த அத்தியாயத்துக்குத்தான் என்று சொல்லலாம்.

மேடையில் பெயர் சொல்ல நிகழ்ச்சி முறை இடம் தராது. இரண்டாம் பதிப்பில் பார்க்கலாம். உனக்கென்று ஒரு பிரதி, என் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

அன்புடன்
உமர் பாரூக்


எழுமலை
17.8.2025

உமரு,

புத்தகம் வந்துச்சு. எழுத்துத் தெரியாதவனுக்குக் கையெழுத்துப் போட்ட புத்தகம். என் கட்டிலுக்கு ஒரு கால் கட்டை, அதுக்கு அடியில வச்சிருக்கேன். இப்ப ஆடலை. உருப்படியான புத்தகம்தான்.

நீ தொப்பி தைச்சே, சரி. யாரு தலையில வச்சேன்னு சொல்லட்டா?

மூணாமவன் ஒரு பொம்மை. ஆத்துல விழுந்து எந்திரிச்சாலும் தலை கலையாது. அவன் படம் ஓடுறப்பத் தரை டிக்கெட்டுல பாதிப் பேரு வெளிய நின்னு முறுக்குத் திம்பான். ரெண்டாமவன் ஒரே ஒரு படம் நடிச்சான். போஸ்டர்ல சாணி அடிச்சாங்க. ஆனா அவன் ஓடினா அவனுக்கு மூச்சு வாங்கும், கூடவே கொட்டகைக்கும் மூச்சு வாங்கும். உளவு பாக்கப் போறவனுக்குப் பயம் இருக்கணும்டா. அஞ்சு பேருல பயம் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அஞ்சாமவனை டிவியிலதான் பாத்தேன். மாடிப்படி ஏறுறப்ப முழங்காலைப் பிடிச்சுக்கிறான், நம்ம வயசுக்கு அது பிடிக்குது. ஆனாலும் ரெண்டாமவனுக்குக் கீழதான்.

அப்ப அந்தக் கண்ணாடி? உக்காந்து கேளு.

எழுபத்தெட்டு. சித்திரைத் திருவிழா முடிஞ்ச வாரம். படப்பெட்டி வந்தப்பவே ஒம்பதாவது ரீல் இல்லை. ஹால்டன் துப்பாக்கியை நீட்டுறான், கூட்டாளி கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிறான், அடுத்து பாத்தா ஹால்டன் படகுல போறான். சனம் விசில் அடிச்சு ஓஞ்சது. மறுநா மத்தியானம் நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சுட்டானா கண்ணா? அப்புறம்?'னு கேட்டே. தெரியலைன்னு சொல்ல வாய் வரலை. நானாச் சொன்னேன். கண்ணாடி விழுந்துச்சு, எடுத்தான், தொடச்சான், மாட்டிவிட்டான்னு.

அது ஹால்டன் இல்லடா. நான். அந்த வருசம் மாசியிலதான் எங்க அய்யா பெரியாஸ்பத்திரியில போனாரு. கண்ணாடி நெஞ்சு மேல கெடந்துச்சு. வேட்டியில தொடச்சு மாட்டிவிட்டேன். அவருக்குப் பாக்க என்ன இருக்கு? கண்ணாடி இல்லாம எனக்குத்தான் அவரை அடையாளம் தெரியலை. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உன்கிட்ட மட்டும் ஹால்டன் பேருல சொன்னேன்.

அதைக் கொண்டுபோய் அந்தப் பொம்மைப்பயலுக்குக் கொடுத்து முதலிடத்துல உக்கார வச்சுட்டு, என்னைக் குழியில தள்ளிட்டே.

படம் இப்ப முழுசா போன்லயே கெடைக்குதாம். ஒரு தடவையாவது பாரு. அந்த எடத்துல அவன் என்ன செய்றான்னு பாத்துட்டு எழுது.

கருத்தக்கண்ணன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

ஐயா, இப்படியெல்லாம் எழுத வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னேன், மாமா கேக்கலை. வார்த்தை எல்லாம் அவரோடது. என்மேல வருத்தப்படாதீங்க. செல்லத்தாய்.


கோரிப்பாளையம்
24.8.2025

மாப்ள கண்ணா,

பார்த்தேன். ஃபாயிஸா தன் போனில் போட்டுத் தந்தாள். சுடுகிறான். டையைச் சரிசெய்கிறான். ஏதோ ஒரு வேடிக்கை பேசிவிட்டுச் சிரித்துக்கொண்டே நடக்கிறான். கண்ணாடி அவன் பூட்ஸுக்கு அடியில் நொறுங்குகிறது. குனிந்துகூடப் பார்க்கவில்லை. 'இந்தக் காட்சியைச் சொல்லித்தான் அழுவீங்களா அத்தா?' என்று கேட்டாள் என் மகள்.

அத்தா போன பிறகு நான் எந்தப் படத்தையும் பார்த்திருக்கலாம். யார் தடுத்தது? பார்க்கத் தோன்றவில்லை. நீ சொன்னதே கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட நன்றாக எடுத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஐந்தாமவரைப் பத்திரிகையில் படித்ததோடு சரி.

இப்போது கழுத்துக்கு மேலே வந்துவிட்டது. விழாவில் என் புத்தகத்தைப் பற்றிப் பேச அசோக்குமார் என்று ஒரு பேராசிரியர் வருகிறார். ஐந்து பேரின் படங்களையும் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். 'கண்ணாடிக் காட்சி எத்தனையாவது நிமிடம் சார்?' என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். ஒரு படமும் பார்க்காமல் எழுதினேன் என்று தெரிந்தால் இந்த வயதில் நான் எந்தத் தெருவில் நடப்பேன்?

நீ ஒருவன்தான் சாட்சி. மதுரைக்கு வந்த பிரதியில் அது இருந்தது, நான் பார்த்தேன் என்று மேடையில் ஒரு வார்த்தை சொல். முப்பத்தோரு வருடம் வாசலில் நின்றவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். சால்வை போடுகிறேன். பஸ் ஸ்டாப்பில் கூப்பிட்டது நீதான், தெரியும். அப்போது பாதிப் புத்தகம் எழுதியிருந்தேன், உன் முகத்தில் முழிக்க முடியவில்லை. போதுமா? இன்னும் என்ன சொல்ல வேண்டும்?

வா மாப்ள.

உன்
உமரு


எழுமலை
29.8.2025

உமரு,

இப்பத்தான் மாப்ளயா?

செல்லத்தாய் வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு வச்சுட்டா. ஏழாம் தேதி வாரேன்.

கருத்தக்கண்ணன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)


கோரிப்பாளையம்
9.9.2025

கண்ணா,

நலமா? இதை ஒப்புக்குக் கேட்கவில்லை.

உன் பெயரை மைக்கில் மூன்று முறை கூப்பிட்டேன். முன்வரிசையில் உனக்குப் போட்ட நாற்காலி அப்படியே இருந்தது. அசோக்குமார் அந்தக் காட்சியைப் பெரிய திரையில் ஓடவிட்டார். அவன் கண்ணாடியை மிதித்துப் போவதை எல்லோரும் பார்த்தார்கள். 'உங்க சாட்சி எங்க சார்?' என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, 'இப்படித்தான், இப்படித்தான் செய்தான்' என்று செய்து காட்டினேன். பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். விருதைக் கையில் தந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதெல்லாம் போகட்டும். நீ வாரேன் என்றால் வருகிறவன். வரவில்லை என்றதும் என் மனசு ஒரே இடத்துக்குத்தான் போனது. நேற்று ஆரப்பாளையம் பஸ் நிலையம் வரை வந்தேன். எழுமலை பஸ் நின்றது. படியில் கால் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அங்கே வந்து யார் வாயால் என்ன கேட்கப் போகிறேனோ என்று பயம். நான் எழுதின எழுத்து பலித்துவிட்டதோ என்று பயம்.

ஒரு வரி எழுதச் சொல். செல்லத்தாய், நீயாவது எழுது அம்மா.

உமரு


எழுமலை
15.9.2025

உமரு,

சாகலை.

வாரேன்னேன், வந்தேன். மேடைக்கு வாரேன்னு சொல்லலை. பின்னால கதவை ஒட்டி இருட்டுல நின்னேன். நான் எல்லாத்தையும் பாத்தது அந்த எடத்துல நின்னுதான். நீ ரெண்டு தடவை என்னை நேராப் பாத்தே. அடையாளம் தெரியலை. இந்தத் தடவை அது நடிப்பு இல்லைங்கிறதும் எனக்குத் தெரிஞ்சது.

அஞ்சு பேரைப் பாத்தவன் உன்னையும் பாத்துட்டேன், அதனால சொல்றேன். கண்ணாடியைக் கழட்டினே, கை நடுங்குச்சு. அது நல்லா இருந்துச்சு. ரெண்டாமவன்கூட அம்புட்டு நல்லா நடுங்கினதில்லை. தொடச்சதும் சரி. ஆனா தொடச்சிட்டு உன் முகத்துலயே மாட்டிக்கிட்டே பாரு, அங்க கெட்டுச்சு. எதிர்ல கெடக்கிறவனுக்கு மாட்டணும்டா. உனக்கு எதிர்லதான் யாருமே இல்லையே.

செல்லத்தாய் கேக்குறா, 'மேடை ஏறி, இது என் காட்சின்னு சொல்லியிருக்கலாமே மாமா? அம்புட்டுப் பேரும் கைதட்டியிருப்பாங்களே'ன்னு. சொல்லியிருந்தா உனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி ஆயிருக்கும். கிழவன் சொன்னான், நம்பிட்டேன்னு நீ சிரிச்சுக்கிட்டே இறங்கியிருப்பே. ஆமா, அங்க இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா எங்க அய்யாவை நானே அந்தப் பொம்மைக்குக் கொடுத்திருப்பேன். ரெண்டுக்கும் எனக்கு மனசு வரலை.

நான் கேட்டது மைக்குல என் பேரு. ஒரு தடவை கேட்டதுக்கு மூணு தடவை கெடைச்சுச்சு. மொதத் தடவை தலைவரைக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டே. அடுத்தது சோடா கொண்டுவரச் சொல்ற மாதிரி. கடைசியில கூப்பிட்டியே, 'கருத்தக்கண்ணன், கருத்தக்கண்ணன் வந்திருக்கானா'ன்னு, தண்ணியில முங்குறவன் மாதிரி, அதைக் கேக்கத்தான் வந்தேன். கேட்டேன். வெளிய வந்து டீ குடிச்சேன். பஸ் ஏறிட்டேன்.

நீ படியில கால் வச்சுட்டு எறங்கினதைச் செல்லத்தாய் ரெண்டு தடவை படிச்சா. ரெண்டாவது தடவை அவளுக்குக் குரல் உடைஞ்சுபோச்சு. எனக்குக் கேட்டுச்சு. அவ்வளவுதான்.

இனி எழுதாத. எழுதினா வாங்கி வைப்பேன், திருப்பி அனுப்ப மாட்டேன். ஆனா படிக்கச் சொல்ல மாட்டேன். செல்லத்தாய்கிட்டயும் சொல்லிட்டேன். நீ எம்புட்டு அழகா எழுதினாலும் அவ வாயைத் தொறக்காத வரைக்கும் எனக்கு அது வெறும் தாள்.

கருத்தக்கண்ணன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)