அம்மா பொறுக்கித் தந்த கறுப்பு அரிசி

தை 14, புதன்

ரைஸ் மில்லில், நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கிற மெஷின், புது கலர் சார்ட்டர், இன்று முதல்முதலாக ஓடியது. வெளிநாட்டு ஆர்டரில் ஒரு கறுப்பு அரிசிகூட இருக்கக் கூடாதாம். அந்த மெஷினை இயக்கத்தான் டிப்ளமோ படித்த என்னை எடுத்தார்கள். எது கழிவு என்று மெஷினுக்குக் காட்ட மாதிரி வேண்டியிருந்தது. அதே மில்லில் அரிசி பொறுக்கும் அம்மாவிடம் போன வாரமே கேட்டிருந்தேன். மகள் கேட்டாளே என்று வாரம் முழுக்க முறத்தில் கறுப்பு அரிசியாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கித் தந்தாள்.

சாயங்காலம், பொறுக்குகிற பெண்கள் யாரும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாதிரியை வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

வீட்டில் சோறு போடும்போது அம்மா கேட்டாள்.

"நான் பொறுக்கிக் குடுத்தது சரியா இருந்துச்சா பாப்பா?"

"சரியா இருந்துச்சும்மா."

"அப்ப சரி. நாளையிலேருந்து ஒரு டிபன் பாக்ஸ் கட்டினாப் போதும்."