பத்தடி கேஜும் ஒரு சத்தியமும்

நந்திதுர்க் லைன் வாசிகளின் மேலான கவனத்துக்கு: எங்கள் வீட்டுப் பூனை இன்று காலை பரண்மேல் மூன்று குட்டிகளை ஈன்றது. பிரசவ வார்டாக அது தேர்ந்தெடுத்த இடம், கழுத்தில் அடிபட்டபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த என் தம்பியின் பழைய கழுத்துப்பட்டை. தாயும் சேய்களும் நலம். பட்டைதான் நலமில்லை.

அந்தப் பட்டையைக் கண்டதும் உங்கள் மேலிருந்த கோபம் திரும்பி வந்துவிட்டது, அக்கா. செத்து ஒரு மாதம்கூட ஆகாதவர்மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. நீங்கள் உயிரோடு இருந்தபோதே இரண்டு வருடம் பேசாதவன் நான். இப்போது மட்டும் எப்படித் திடீரென்று நல்லவனாவது?

சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையான நம் லைனில் நான்கு வீடு தள்ளியிருந்த நர்ஸ் நீங்கள். லைனிலேயே என்னைக் காட்டிக்கொடுக்காத ஒரே பெரிய ஆள். தண்ணீர் டேங்கரின் ஹாரனைப் போனில் பதிந்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் அலறவிட்டு, லைனையே குடத்தோடு நிற்கவைத்தேனே, அன்று யார் வேலை என்று தெரிந்தும் நீங்கள் வாயைத் திறக்காமல் குடத்தோடு நின்றீர்கள். அதனால்தான் நம்பினேன்.

மூடிப்போன தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கிய கேஜ் என்ற இரும்புக் கூண்டை எங்கள் வயதில் யாரும் பார்த்ததில்லை. நானே ஒன்று செய்தேன். புளியமரக் கிளை, கயிறு, பிளாஸ்டிக் பழக்கூடை. "லெவல் டென் போறவங்க வாங்க" என்று கூவிச் சின்னப் பிள்ளைகளை ஏற்றினேன். மூன்று வயதுத் தம்பியின் முறை வந்தபோது, உச்சியில் கூடை சாய்ந்தது. ரத்தம் இல்லை, அழுகை மட்டும். அம்மாவிடம், கட்டிலிலிருந்து விழுந்தான் என்றேன்.

அழுகை ஓயாமல் அம்மா அவனை நீங்கள் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கே தூக்கிவந்தாள். டாக்டர் கை காலைப் பார்த்தார். கட்டில்தானே என்று மருந்து எழுதப் பேனாவை எடுத்தார். நீங்கள் மட்டும், அம்மா மடியில் தலையை ஒருபக்கம் சாய்த்திருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"டேய், அந்தாண்ட நின்னு உன் கழுதக் கத்தல் கத்து" என்றீர்கள் என்னிடம்.

கத்தினேன். நான் கழுதைபோல் கத்தும் அந்தக் குரல் எங்கே கேட்டாலும் திரும்பிச் சிரிப்பவன் அவன். அன்று கண்கள் மட்டும் வந்தன. பிறகு தோளும் இடுப்புமாக உடம்பே திரும்பியது. கழுத்து வரவில்லை. என் கழுதை அவன் கழுத்தைக் காட்டிக்கொடுத்தது.

வராண்டாவில் என்னைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"கட்டில்லாம் பொய்தானே? இன்னாடா ஆச்சு?"

"அம்மாகிட்ட சொல்லிடுவீங்க."

"சொல்ல மாட்டேன். சத்தியம். எவ்ளோ ஒசரம்?"

"பத்தடி. தலகீழா."

அடுத்த நொடி நீங்கள் உள்ளே. அம்மாவின் காதுக்கு ஓரடி தூரத்தில் நின்று சொன்னீர்கள்: "டாக்டர், கட்டில் இல்ல. மரத்துலேருந்து தலகீழா விழுந்துகிறான். கழுத்தத் திருப்ப மாட்றான்."

அம்மா என்னை அடிக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

அழுகிற பிள்ளைக்குப் பட்டையைத் திணித்தால் இன்னும் திமிறுவான் என்று டாக்டர் அதைத் தள்ளிவைத்தார். சின்னப் பிள்ளைக்குத் தலை பெரிது, மல்லாந்தால் கழுத்து முன்னால் வளையும் என்று தோளுக்குக் கீழே துணியை மடித்து வைத்தீர்கள். சாய்ந்த தலையை நிமிர்த்தாமல் இருபுறமும் துண்டைச் சுருட்டி அணைத்தீர்கள். எக்ஸ்ரே படத்தில், கழுத்தின் மேலெலும்புகள் இரண்டும் திருகி நின்றன. பெங்களூரில் சில வாரம் படுக்கை, பிறகு இந்தப் பட்டை. இப்போது ஓடுகிறான், ஓடிக்கொண்டே கழுத்தைத் திருப்பி என்னைத் திட்டுகிறான்.

ஆனால் அம்மா அவனை இன்றுவரை என்னோடு தனியாக அனுப்புவதில்லை, எதிர்க்கடைக்குக்கூட. டாக்டரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே? உடைப்பதென்று முடிவு செய்துவிட்டா சத்தியம் செய்தீர்கள்? ஒருநாள் வாசலில் மறித்து, "கோவமாடா? இன்னொரு வாட்டி ஆனாலும் சொல்லத்தான் சொல்லுவேன்" என்றீர்கள். ஒரு மன்னிப்புக்கூட இல்லை.

நானே சொல்ல வாயெடுத்தேன், அக்கா முந்திக்கொண்டார் என்றுதான் லைன் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். மைதானத்தில் எந்தப் பிள்ளை விழுந்தாலும் ஓடிப்போய், "தூக்காதீங்க, எப்படி விழுந்தான்னு சொல்லுங்க" என்கிறேன். பசங்க டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். நானும் மறுப்பதில்லை.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கழுத்து திரும்பாததை அன்று நானும் பார்த்தேன், அக்கா. பார்த்துவிட்டுத்தான், சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாமென்று ஆட்டோ பிடிக்க ஓடினேன். வராண்டாவில் நீங்கள் என்னைப் பிடித்தது அப்போதுதான்.