நாற்பது பேர் இருந்த ஊர்

மார்ச் 3

தூங்குமூஞ்சிக்கு,

நேரே விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கப்பல் விளையாட்டுக்குள் நாம் ரெண்டு பேரும் கூடுதலாகக் கட்டிச் சேர்த்தோமே ஒரு துறைமுக ஊர், அதைக் கன்சோலில் விடலாம் என்று விளையாட்டுக் கம்பெனிக்காரர்களே கேட்கிறார்கள். இத்தனை நாள் கம்ப்யூட்டர் வைத்திருந்தவன் மட்டும் ஆடினான். இனி டிவி முன்னால் உட்காருகிற எவனும் ஆடலாம்.

சிக்கல் உன் பக்கம்தான். தெருக்கள் நான் கட்டியவை, அப்படியே ஏறிவிடும். ஊரில் நடமாடுகிற நாற்பது பேரும் விளையாட்டுக்கு வெளியே நீ தனியாக எழுதிய நிரலில் ஓடுகிறார்கள். கன்சோலில் வெளி நிரலை விடமாட்டார்கள். விளையாட்டின் சொந்த மொழியில் திரும்ப எழுத வேண்டும். நினைவகத்துக்கும் வரம்பு உண்டு. எத்தனை நாள் ஆகும்? ஒரே வரியில் சொல். உன் வழக்கம்போல் ராமாயணம் வேண்டாம்.

அவசரக்குடுக்கை

மார்ச் 15

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

ஒரு வரி போதாதுடா, பொறுத்துக்கொள். இந்த மலை மின்நிலையத்தில் எட்டுப் பேர் இருந்தோம். இப்போது இயந்திரங்களைக் கீழே நகரத்திலிருந்தே ஓட்டுகிறார்கள். மிச்சம் நானும் காவலாளி அண்ணனும்தான். அவருக்குக் காது மந்தம். நான் எது சொன்னாலும் தலையாட்டுவார். எதற்கு ஆட்டுகிறார் என்று அவருக்கும் தெரியாது.

என் கம்ப்யூட்டர் மின்னழுத்தம் ஏறிக் கருகிவிட்டது. மின்நிலையத்தில் வேலை பார்ப்பவனுக்கு வந்த கதி, சிரித்துக்கொள். பொது அறையில் பழைய கன்சோல் ஒன்று கிடக்கிறது. நம் ஊர் அதில் வந்தால், வேலை முடிந்ததும் அந்த நாற்பது பேரில் ஒருத்தியான மீன்கடை அக்காவிடம் போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவேன். மதிய இடைவேளையில் அலுவலகக் கம்ப்யூட்டரில் எழுதுகிறேன். ரெண்டு மாதம் கொடு. யாரையும் விட்டுவிடாதே.

உன்
தூங்குமூஞ்சி

ஏப்ரல் 20

தூங்குமூஞ்சிக்கு,

ரெண்டு மாதமெல்லாம் ஆகாது மச்சான். நானே முடித்துவிட்டேன். மீன் சந்தைக்குள் நுழைந்தாலே நினைவகம் நிரம்பிக் கன்சோல் உறைந்து நின்றது. தெருக்களைக் குறைத்தால் ஊர் அசிங்கமாகிவிடும். அதனால் முப்பத்து நாலு பேரை எடுத்துவிட்டேன். ஆறு பேர் இருக்கிறார்கள், சும்மா நடப்பார்கள். பின்னணிதானே, எவன் உட்கார்ந்து எண்ணப்போகிறான்?

சோதனையில் முதல் தடவையே தேறிவிட்டது. உருவாக்கியவர்கள் எல்லாரும் கையெழுத்திட வேண்டுமாம். படிவம் இணைத்திருக்கிறேன். இன்றே போடு.

அவசரக்குடுக்கை

மே 9

அவசரக்குடுக்கைக்கு,

கையெழுத்துப் போட்டேன். எடுத்த பிறகு கேட்கிறாய். போடாவிட்டால் உன் உழைப்பும் வீண்.

நம் ஊர் கன்சோலில் வந்தது. கலங்கரை விளக்கிலிருந்து உப்புக்கிடங்கு வரை நடந்தேன். தெருக்கள் ரொம்ப அழகு, பொய் சொல்லவில்லை. சந்தையில் மீன் இருக்கிறது, விற்க ஆளில்லை. காவலாளி அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். “எல்லாரும் எங்க தம்பி போயிட்டாங்க?” என்றார். இத்தனை மாதத்தில் அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

கோபமில்லை. காலி இடம்தான் இங்கே ஏற்கனவே இருக்கிறதே, இன்னொன்று எனக்கு எதற்கு? என் பெயரை எடுத்துவிடு.

தூங்குமூஞ்சி

ஆகஸ்ட் 2

தூங்குமூஞ்சிக்கு,

உன் மே மாதக் கடிதத்துக்குப் பிறகு இது என் நாலாவது கடிதம். முந்தைய மூன்றையும் படித்தாயா, தெரியாது. மின்நிலையத்துக்குப் போன் செய்தேன். காவலாளி எடுத்து “ஹலோ, ஹலோ” என்று சொல்லிச் சொல்லி வைத்துவிட்டார். நீ அங்கே இருக்கிறாயா, மாற்றல் வாங்கிப் போய்விட்டாயா என்று கேட்கக்கூட முடியவில்லை.

உன் நிரலை அந்தக் கடிதம் வந்த பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். முன்னால் படிக்காமலேதான் வெட்டினேன். நாற்பது பேரும், ஆடுகிறவன் நேற்று வந்தானா என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். வராவிட்டால் ஆளுக்கு ஒரு விதமாக, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள். நினைவகத்தைத் தின்றது அதுதான். அதைத் திரும்ப எழுத எனக்குப் பதினோரு வாரம் ஆனது. நீ ரெண்டு மாதம் கேட்டது நியாயம்.

வரம்புக்குள் அடங்க என் தெருக்களை இடித்தேன். பன்னிரண்டில் ரெண்டுதான் மிச்சம். கலங்கரை விளக்கும் போய்விட்டது. நாற்பது பேரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள், உறையாமல் ஓடுகிறது. ஆறு பேர் மட்டும் இருந்த பழைய பதிப்பைக் கன்சோலிலிருந்து விலக்கிவிட்டேன்.

புதியதற்கு மறுபடி ரெண்டு கையெழுத்து வேண்டும். உன் பெயரை எடுக்கச் சொல்லி நீ எழுதிய கடிதத்தைக் காட்டினால் என் கையெழுத்தே போதும், நாளைக்கே விடலாம் என்றார் கம்பெனிக்காரர். காட்டவில்லை.

அதனால் இன்றைக்குக் கன்சோலில் நம் ஊர் இல்லை. படிவத்தில் என் பெயருக்குக் கீழே உன் பெயர், அதற்கு நேரே காலிக் கட்டம். நான் தினமும் திறந்து பார்க்கிறேன். நீ எப்போது போட்டாலும் சரி.

அவசரக்குடுக்கை