அடித்தகட்டில் சுற்றிய பாசி

கெண்ட்,
பெல்ஜியம்
ஜூன் 11

அன்பு மகள் லீசலொட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இந்த ஒரு பக்கத்தையாவது படி.

நீ நலம் என்று எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் அம்மாவிடம் தொலைபேசியில் பேசுகிறாய். பக்கத்து அறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். போன வாரம் அவளிடம், "நான் கேட்டேன்னு லொட்டேகிட்ட சொல்லேன்" என்றேன். "நான் என்ன தபால்காரியா? நாலு வருஷமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடி ஓடிக் கால் தேஞ்சுபோச்சு. வாய் இல்லேன்னா பேனாவ எடு ஓடிலோன்" என்று சொல்லிவிட்டாள். எடுத்துவிட்டேன்.

செய்தி உனக்கும் எட்டியிருக்கும். செப்டம்பரில் ஐரோப்பியப் படகு சாம்பியன்ஷிப் நம் ஊரில் நடக்கிறது. ஊர் தலைகால் புரியாமல் ஆடுகிறது. பாலங்களுக்கெல்லாம் சாயம் அடிக்கிறார்கள். ஊரின் மூன்று பழைய கோபுரங்களிலும் கொடி கட்டலாமா என்று நகரசபையில் இரண்டு நாள் சண்டை. வறுத்த உருளைக்கிழங்கு விற்கிற வண்டிக்காரர்கள் கரையில் இடத்துக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறைதான். மேயரின் ஆலோசகர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "எதுக்கு ஆறு பாதை? மூணு மூணா ரெண்டு தடவை விட்டா கரையோரம் கார் நிறுத்த இடம் கிடைக்குமே" என்று கேட்டார். எனக்குப் பாசி வெட்டும் பொறுப்பு. பயிற்சி கொடுப்பதை நான் விட்டது உனக்குத் தெரியும். ஆறு பாதையிலும் பாசி இல்லாமல் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

நெதர்லாந்தின் நால்வர் படகில் நீ இருக்கிறாய் என்பதைப் பத்திரிகையில்தான் படித்தேன். பெருமையாக இருந்தது. வலிக்கவும் செய்தது. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: நான்கு வருடமாக நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறந்த ஊருக்கு வருகிறாய். ஒரு நாள் வீட்டுக்கு வா.

அன்புடன்,
அப்பா


ஆம்ஸ்டர்டாம்,
ஜூன் 20

பயிற்சியாளர் ஓடிலோன் டி பாட்ஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

எங்கள் அணி விடுதியில் தங்குகிறது. போட்டி முடியும்வரை யாரும் வெளியே தங்கக்கூடாது என்பது விதி. விதி என்றால் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீங்கள் சுற்றி வளைக்காமல் கேட்டதால் நானும் அப்படியே சொல்கிறேன். பெல்ஜிய அணியின் நால்வர் படகில் கடைசி இடம் ஒன்று மீதியிருந்தது. நானா, என்னோடு பயிற்சி எடுத்த அன்னெலோரா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்தீர்கள். அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று, "அப்பா, ஒரு நிமிஷம் பேசணும்" என்றேன். "பட்டியல் ஒட்டியாச்சு" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டீர்கள். அன்றைக்கு எனக்கு இருபத்திரண்டு வயது. பதினோரு வயதிலிருந்து அந்த இடத்துக்காகத்தான் துடுப்பு பிடித்தேன். அம்மாவின் டச்சுப் பாஸ்போர்ட் இல்லாமல் போயிருந்தால் அத்தோடு என் கதை முடிந்திருக்கும்.

இங்கே நன்றாக இருக்கிறேன். மதியத்துக்கும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் தருகிறார்கள் என்பது ஒன்றுதான் குறை.

பாசி வேலை உங்களுக்குப் பொருத்தமானதே. நம் தண்ணீரில் எப்போதுமே பாசி உண்டு.

லீசலொட் டி பாட்ஸ்


கெண்ட்,
ஆகஸ்ட் 3

அன்பு லொட்டே,

உன் கடிதத்தின் கடைசி வரியை ஆறு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஜூலைத் திருவிழா முடிந்து ஊர் இப்போதுதான் தூங்கி எழுந்திருக்கிறது. தெருவில் இன்னும் பீர் வாசனை போகவில்லை. நீர்ப்பாதைக்கு வெள்ளை மிதவைகள் கட்டியாகிவிட்டது. நான்காம் பாதை மிதவை ஒன்றில் நீர்க்கோழி கூடு கட்டியிருக்கிறது. அதை நகர்த்த விலங்குநலத் துறையின் அனுமதி வேண்டுமாம். விண்ணப்பத்தில் "பயனாளியின் பெயர்" என்று ஒரு கட்டம் இருந்தது, "நீர்க்கோழி" என்று எழுதிக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர்களாக வரும் மாணவர்களுக்கு நீலச் சட்டை தைத்தாயிற்று. எல்லாம் ஒரே அளவு. குண்டானவன் பாடு திண்டாட்டம்.

பார், ஒரு பக்கம் எழுதிவிட்டேன், சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கழுத்தில் தூக்குக் கயிறு தொங்கினாலும் கெண்ட்காரன் தப்பை ஒப்புக்கொள்ள மாட்டான் என்று உன் அம்மா சொல்வாள். இதோ ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கடைசி இடத்துக்காக அன்று வைத்த ஆள்மாற்றுப் பந்தயம். நீலப் படகில் நான்கு பேர், மஞ்சள் படகில் நான்கு பேர். முதல் ஓட்டத்தில் நீ இருந்த நீலப் படகு ஒரு வினாடி முந்தியது. பிறகு உன்னையும் அன்னெலோரையும் மட்டும் இடம் மாற்றினேன். அன்னெலோர் ஏறிய நீலப் படகு மூன்று வினாடி முந்தியது. கணக்கு நேரானது: அன்னெலோர்தான் வேகம். படகுத்துறையிலேயே பெயரை எழுதி உதவியாளரிடம் கொடுத்தனுப்பினேன்.

அதற்குப் பிறகு மஞ்சள் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கவிழ்த்தீர்கள். அடியில் இருக்கும் தகட்டில், இரண்டாம் ஓட்டத்தில் சிக்கிய பாசி சுற்றியிருந்தது. ஒரு பிடி அல்ல, ஒரு முழத்துக்கு மேல். அதை இழுத்துக்கொண்டு எவளும் வேகமாகப் போக முடியாது. நீ மூன்று வினாடிதான் பின்தங்கினாய் என்பதே அதிசயம்.

பந்தயத்தைத் திரும்ப வைத்திருக்க வேண்டும். வேறு யாருடைய பெண்ணாக இருந்தாலும் வைத்திருப்பேன். நீ என் பெண். "மக தோத்துட்டா, அப்பன் மறுபடியும் ஓட விடுறான்" என்று கிளப்பில் சிரிப்பார்களே என்று பயந்தேன். நேர்மையானவன் என்று பெயர் வாங்குவதற்காக உன்னை ஏமாற்றினேன். பாசியைப் பிடுங்கி மறைத்துவிட்டேன். இது யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அதன் பிறகு யாருக்கும் பயிற்சி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மன்னித்துவிடு என்று கேட்கத் தகுதி இல்லை. கேட்கிறேன்.

அப்பா


ஆம்ஸ்டர்டாம்,
ஆகஸ்ட் 9

அப்பா,

எனக்குத் தெரியும்.

படகின் பின்முனையைத் தோளில் தாங்கியிருந்தது நான்தான். நீங்கள் பாசியைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டதைப் பார்த்தேன். பை நனைந்து கால்சட்டையில் முழங்கால்வரை தண்ணீர் வழிந்தது. அந்த ஈரத்தோடு கிளப் முழுக்க நடந்தீர்கள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்களே, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் வாயைத் திறந்திருந்தால், தோற்றுப்போன மகள் அப்பாவிடம் அழுது காரியம் சாதித்தாள் என்று ஆகியிருக்கும். அது உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். பலகைக்கு முன்னால் நின்று உங்களைக் கூப்பிட்டது அதற்குத்தான். நான்கு வருடம் காத்திருந்தேன். எனக்குக் கோபம் பாசிமீது இல்லை அப்பா. அந்த ஓட்டத்தில் நான் தோற்றேன் என்று நீங்களே நம்பாமல், நம்பியதுபோல் நடந்துகொண்டீர்களே, அதுதான் தாங்கவில்லை.

உங்கள் கடிதத்தை விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். என்னோடு படகு வலிக்கும் பெண் ஓடிவந்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்ல, எங்கப்பா உயிரோட வந்துட்டாரு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆனால் இது நம் இருவருக்குள் முடிகிற விஷயம் இல்லை. அன்னெலோர் இன்னும் அதே படகில் இருக்கிறாள். என்னை நேராக ஜெயித்து அந்த இடத்தைப் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் கேட்ட மன்னிப்பை அவளிடமும் கேளுங்கள். அதன் பிறகு எழுதுங்கள்.

லொட்டே


கெண்ட்,
ஆகஸ்ட் 28

அன்பு லொட்டே,

சொல்லிவிட்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து வந்த அன்னெலோரைப் படகுக் கொட்டகையில் பிடித்தேன். நான் பேசி முடிக்கும்வரை துடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இத எங்கிட்ட சொல்ல உங்களுக்கு நாலு வருஷம் ஆச்சா? பாசிகூட அதுக்குள்ள நாலு தடவை முளைச்சிருக்குமே!" என்று கத்தினாள். பிறகு அவள் குரல் இறங்கியது. "நாலு வருஷமா உங்க பொண்ணு எங்கிட்ட ஏன் முகங்கொடுத்துப் பேசலன்னு இன்னிக்குத்தான் தெரியுது. திமிருன்னு நெனச்சுட்டேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் செய்தது உனக்கு மட்டும் செய்த துரோகம் என்று நினைத்திருந்தேன் மகளே. அவளுடைய வெற்றியையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறேன்.

விஷயம் போட்டிக் குழுவுக்கும் போக வேண்டும் என்று நினைத்து, நானே அதன் வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது பேர். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்படிப்பட்டவரு, அதுவும் சொந்த மக போட்டி போடுற பாதையில, பாசி வெட்டலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லப்போனேன். வீரர்கள் சார்பில் வந்திருந்த அன்னெலோர் பின்வரிசையிலிருந்து, "அவரே வெட்டட்டும். ஊர்லயே பாசிக்கு இவ்வளவு பயப்படுற ஆளு வேற யாரு இருக்கா?" என்றாள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினேன். பொறுப்பு என்னிடமே இருக்கிறது, கூடவே ஒரு நடுவர் தினமும் ஆறு பாதையையும் சோதிப்பார்.

அம்மாவிடமும் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை, சமைக்கவும் இல்லை. மூன்றாம் நாள் மாட்டிறைச்சிக் குழம்பை என் தட்டில் ஊற்றி, "தின்னு. உனக்குத் தண்டனையா நான் எதுக்குப் பட்டினி கெடக்கணும்?" என்றாள்.

இனி உன்னை வீட்டுக்கு வா என்று கேட்கமாட்டேன். வருவதும் வராததும் உன் விருப்பம். தண்ணீர் சுத்தமாக இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

அப்பா


கெண்ட்,
செப்டம்பர் 14, ஞாயிறு

அன்பு அப்பா,

தபாலில் போட்டால் நாளை மறுநாள்தான் கிடைக்கும். அதனால் திருதிருவென்று முழிக்கிற ஒரு நீலச்சட்டை மாணவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பாவம், சட்டை அவருக்கு மூச்சு முட்டுகிறது.

ஊர் இப்படி ஆர்ப்பரித்து நான் கேட்டதே இல்லை. கடைசி ஐநூறு மீட்டரில் இரண்டு கரையிலும் ஒரே இரைச்சல். எங்கள் துடுப்புச் சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து சட்டி பானையைத் தட்டினார்கள். அம்மா எங்கள் பெயரையும் கத்தினாளாம், அன்னெலோர் பெயரையும் கத்தினாளாம். "எவ ஜெயிச்சாலும் எனக்குத் தொண்டை போச்சு" என்கிறாள்.

அன்னெலோரின் படகுக்கு மூன்றாம் இடம். எங்களுக்கு நான்காம் இடம். அரை வினாடிகூட இல்லை. கரையேறியதும் எங்கள் படகைக் கவிழ்த்து அடித்தகட்டைத் தடவிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. ஒரு இழை இல்லை. அப்பா, எனக்குச் சந்தோஷம் பொங்கியது. தோற்ற பிறகு யாராவது இப்படிச் சிரிப்பார்களா என்று அணியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இது என்னுடைய தோல்வி. யாரும் எனக்காகச் செய்த தோல்வி இல்லை.

தோற்றவர் சட்டையைக் கழற்றி வென்றவரிடம் கொடுப்பதுதானே நம் வழக்கம். என் ஆரஞ்சுச் சட்டையை அன்னெலோரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு கட்டிப்பிடித்தாள். "இப்பத்தான்டி எனக்கு இடம் கெடச்ச மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு பேரும் வியர்வை நாற்றத்தோடு நின்று அழுதோம்.

நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தொடக்கக் கோட்டுக்கு அப்பால், பாசி வெட்டும் படகில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். கரைக்கு வரவே இல்லை. நான் கூப்பிடாமல் வரக்கூடாது என்று வைராக்கியம். சரி, கூப்பிடுகிறேன்.

செவ்வாய் வரை எனக்கு விடுப்பு. நாளைக் காலை எட்டு மணிக்குக் கிளப்பில் ஒருவர் மட்டும் வலிக்கும் படகு ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன். ஆயிரம் மீட்டர், மூன்று தடவை. நீங்கள் கரையில் சைக்கிளில் கூடவே வந்து நேரம் பாருங்கள். அதன் பிறகு வீட்டில் சாப்பிடலாம். கடைசி ஐநூறில் எனக்கு ஏதோ குறைகிறது, என்னவென்று பிடிபடவில்லை. எங்கள் பயிற்சியாளர் ரொம்ப நல்லவர், எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். அடுத்த வருடமும் துடுப்பு பிடிக்கிற வலு என்னிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மெதுவாக இருந்தால் மெதுவென்றே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவேன்.

உங்கள் மகள்,
லொட்டே