கொண்டுபோட்டன்

பங்குனி 3, புதன்

வெயில் கொளுத்துகிறது. காலையில் கோட்டில் குண்டுவீச்சுச் சைரன் பரீட்சை. நீதவான் உட்பட எல்லாரும் மேசைக்குக் கீழே. என் தொப்பியில் யாரோ மிதித்துவிட்டார்கள்.

கொழும்பிலிருந்து அப்பீல் வக்கீலின் கடிதம். சல்லிக் கிராமத்து மீனவன் கணபதியின் வழக்கு. தொழில் கூட்டாளி சின்னத்தம்பியைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை. இங்கே அவன் கொடுத்த வாக்குமூலத்தை இங்கிலீஷில் ஆக்கியவன் நான். அவன் சொன்னது: "நான்தான் அவனைக் கொண்டுபோட்டன்." நான் ஆக்கியது: கொலை செய்தேன். அது சரிதானா என்று வக்கீல் கேட்கிறார். பதினெட்டு வருட மொழிபெயர்ப்பாளனிடம்!

பதில் எழுதவில்லை.

பங்குனி 4, வியாழன்

தயிர் புளிப்பு. குசினியிலிருந்து மனைவி: "இஞ்சாருங்கோ, பூனை எலியைக் கொண்டுபோட்டுது!"

"கொன்றதோ, தூக்கிவந்து போட்டதோ?"

"பூனைக்கும் வழக்கு வைக்கப் போறியளோ? வந்து பாருங்கோ."

பார்த்தேன். எலி உயிரோடு. அலுமாரிக்குக் கீழே ஓடிவிட்டது.

வக்கீலின் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன்.

பங்குனி 7, ஞாயிறு

சைக்கிளில் சல்லி. வழியில் கடற்படை லொறி ஒன்று மணலில் புதைந்து, வெள்ளைக்காரர் ஆறு பேர் தள்ளுகிறார்கள்.

சின்னத்தம்பியின் மனைவி பாக்கியத்தைக் கண்டேன். நான் கேட்குமுன் அவளே: "கணபதி அண்ணன்தான் இவரைத் தோளிலை தூக்கிக் கொண்டுவந்து வாசல்லை போட்டவர். உயிர் இருந்தது. விளக்கெல்லாம் அணைச்ச இருட்டடிப்பிலை கண் தெரியாமல் பாறையிலை விழுந்தனான் எண்டு இவரே சொன்னவர்."

"இதை ஏன் கோட்டில் சொல்லவில்லை?"

"காலமை வலைக்குச் சண்டை பிடிச்சவையோ எண்டு மட்டும் கேட்டவை. ஓம் எண்டனான். பிறகு நீங்கள்தானே இங்கிலீஷிலை கதைச்சுக் கொண்டு நிண்டியள்."

பிறகு, நட்டஈடு கிடைக்குமோ என்றாள்.

"யாரிடம்?"

"அதுதான் கேக்கிறன். அந்த மனுசனையும் தூக்கிலை போட்டால் ஆரிட்டைக் கேக்கிறது? என்ரை பிள்ளையளுக்கு மீன் தந்தது அவர்தான்."

திரும்பும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன்.

பங்குனி 8, திங்கள்

அப்பீல் கோட்டுக்குக் கொடுக்கச் சத்தியக்கடதாசி எழுதினேன். நாலாம் பிரதி. மனைவிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "நல்லாயிருக்கு. ஆனால் பிழை விட்டது நீங்கள் எண்டு எங்கை இருக்கு?"

ஐந்தாம் பிரதியில் இருக்கிறது.

பெரிய கிளாக்கர்: "உமக்கு இனி உயர்வு ஏலாது, தெரியும்தானே?" தெரியும்.

பங்குனி 16, செவ்வாய். கொழும்பு

ரயில் முழுக்கச் சிப்பாய்கள். சாட்சி சொல்ல வந்த பாக்கியத்துக்கு இடம் கிடைத்தது. எனக்கு ஒரு காலுக்கு மட்டும்.

மூன்று நீதிபதிகள். வழக்கைத் திரும்ப விசாரிப்பதில்லையாம். ஜூரிமார் பிழையான ஒன்றை நம்பினார்களா என்றே பார்ப்பார்களாம். பாக்கியம் முதலில் சொன்னாள். பிறகு நான். இங்கிலீஷில் தொடங்கினேன். சாட்சி தன் தாய்மொழியிலேயே பேசட்டும் என்றார்கள். எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்! பொடியன்மாதிரி ஆள், நல்ல சப்பாத்து. "கொண்டுபோட்டன்" என்பதை "கொண்டுபோனேன்" என்று ஆக்கினான். திருத்த வாய் திறந்தேன்.

"சாட்சி குறுக்கிடக் கூடாது."

பிறகு கணபதியின் வக்கீலே எழுந்து திருத்தினார். நீதிபதிகளில் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்புத்தான். அவர் தும்மவில்லை.

தீர்ப்பு: அந்தச் சொல்லை எடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை. விடுதலை.

பாக்கியம் என்னைப் பார்த்து: "என்னவாம்?"

சொன்னேன். இரண்டு முறை சொன்னேன், பிழை வராமல்.

பங்குனி 25, வியாழன்

மழைக்குணம். கணபதி வீட்டுக்கு வந்தான். ஒரு கோர்வை பாரை மீன். கதிரையில் இருக்கச் சொன்னேன், நுனியில் இருந்தான். மன்னிப்புக் கேட்க நாலு வசனம் ஆயத்தப்படுத்தியிருந்தேன். நாலையும் விட்டேன். "நான் சொன்னது பிழை, கணபதி" என்றேன்.

"அது எனக்கு விளங்கேல்லை, ஐயா. ஆனால் அண்டைக்கு நீங்கள் அதை இங்கிலீஷிலை சொல்லேக்கை கேக்க நல்ல வடிவாய் இருந்தது. நான் ஏதோ நல்லது சொல்லிப்போட்டன் எண்டு நினைச்சன்."