ஆல்சாப் கடைக்கு ஒரு பக்கம்

ஸ்கெக்னஸ்
9 பிப்ரவரி 2003

அன்பு நோரீனுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸ் அட்டையில் இரண்டே வரி, அதுவும் மழையைப் பற்றி. ஐம்பது வருஷத்துக்கு மேல் பழகியவளுக்கு இவ்வளவுதானா? போகட்டும், உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை.

நாட்டிங்ஹாமில் நம் பர்னபி தெருவிலிருந்து வந்து இந்தக் கடலோரத்தில் ஒதுங்கியவர்கள் ஏழு பேர் இருக்கிறோம். சேர்ந்து ஒரு சிறு புத்தகம் போடுகிறோம், தெருவில் மறைந்துபோன கடைகளைப் பற்றி. கம்பளி நூல் விற்ற அந்த இரண்டு அக்கா தங்கைகள் நினைவிருக்கிறதா? ஒருத்தி நூலை எடுத்தால் மற்றவள் அந்த நிறம் நமக்குப் பொருந்தாது என்பாள். இறைச்சிக்கடைக்காரரின் மரத்தூள் தரை, மண்ணெண்ணெய் வாடை வீசும் இரும்புக் கடை, சனிக்கிழமை சந்தையில் நின்றபடியே தின்ற குழைந்த பட்டாணி, அதன்மேல் புதினா வினிகர். எல்லாம் எழுதியாயிற்று. ஆல்சாப் ரொட்டிக் கடைதான் பாக்கி. உன் அப்பாவின் கடையைப் பற்றி உன்னைவிட யார் எழுத முடியும்? ஒரே ஒரு பக்கம் போதும். சுடச்சுட வந்த ரொட்டியைப் பற்றிச் சொல், படிக்கிறவர்களுக்கு நாக்கில் நீர் ஊறட்டும்.

என்றும் உன்
பெரில்

*

நாட்டிங்ஹாம்
20 பிப்ரவரி 2003

அன்பு பெரில்,

முழங்கால் படியேறும்போது மட்டும் பேசுகிறது. உன் வீட்டுக்காரரின் இருமல் குறைந்ததா?

பட்டாணியைப் படித்துச் சிரித்தேன். நீ எப்போதும் என் கிண்ணத்திலிருந்துதான் எடுப்பாய், அதை எழுதவில்லையே.

அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். ஆனால் கடை எப்படி மூடப்பட்டது என்பதையும் எழுதலாமா? உங்கள் புத்தகத்தில் அதற்கு இடமிருக்கிறதா?

நோரீன்

*

ஸ்கெக்னஸ்
2 மார்ச் 2003

அன்பு நோரீனுக்கு,

இருமல் அப்படியேதான் இருக்கிறது.

மூடிய கதை எதற்கு? சூப்பர் மார்க்கெட் வந்தது, சின்னக் கடைகள் போயின. எல்லாக் கடைக்கும் அதைத்தான் எழுதியிருக்கிறோம். அந்தக் காலத்தில் தெருவே ஒரு குடும்பமாக இருந்தது, அதைச் சொன்னால் போதும். "படிச்சா மனசுக்கு இதமா இருக்கணும் பெரில், ஒப்பாரி வேண்டாம்" என்கிறார்கள் குழுவில். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

பாசத்துடன்
பெரில்

*

நாட்டிங்ஹாம்
15 மார்ச் 2003

பெரில்,

நீ கேட்ட பக்கம் இதுதான்.

அம்மாவுக்குக் கை மூட்டுகள் வீங்கி கவுண்டரில் நிற்க முடியாமல் போனபோது அப்பா ஒருத்தியை வேலைக்கு வைத்தார். 1965, செப்டம்பர். பெயர் ஐசில்டா பென்னன்ட், ஜமைக்காவிலிருந்து வந்த கறுப்பினப் பெண். அங்கே மாமாவின் ரொட்டிக் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். ரொட்டியின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தே வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். "நம்மளவிட இவளுக்குத்தான்மா தொழில் தெரியுது" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

முதல் திங்கட்கிழமை உன் அம்மா வந்தார். பக்கத்தில் நீயும் நின்றாய், பச்சைக் கோட்டு போட்டிருந்தாய். ஐசில்டா "என்ன வேணும்மா?" என்று கேட்டாள். உன் அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. உள்ளே இருந்த அப்பாவை எட்டிப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல ஹெரால்டு, நீங்க கை கழுவிட்டு வாங்க, நிக்கிறேன்" என்றார்.

அப்பா மாவுக் கையோடு வந்தார். "அவங்க கை சுத்தமாத்தான் இருக்கு, வாங்கிக்கங்க" என்றார். உன் அம்மா திரும்பி நடந்தார். நீயும் பின்னாலேயே போனாய்.

மறுநாள் நான்கு பேர் அப்படிச் செய்தார்கள். நவம்பரில் பாதித் தெரு அடுத்த தெருக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பா ஒரு ரொட்டிகூடக் குறைத்துச் சுடவில்லை. சாயங்காலம் பன்றிப் பண்ணைக்காரன் வந்து மீந்ததைச் சாக்கில் அள்ளிப் போனான். ஜனவரியில் ஐசில்டா வேலையை விட்டு நின்றாள். மே மாதம் அப்பா கடையை மூடிவிட்டு ரொட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். ஓடும் இயந்திரப் பட்டையில் வரும் உடைந்த ரொட்டியைப் பொறுக்கி எறிகிற வேலை. பதின்மூன்று வருஷம், சாகும்வரை அதைத்தான் செய்தார்.

அப்போது எந்த சூப்பர் மார்க்கெட்டும் வந்திருக்கவில்லை, பெரில். குடும்பமாக இருந்தது என்கிறாயே, அந்தத் தெருதான் கடையை மூடியது. ஒரு எழுத்து மாற்றாமல் போடு.

நோரீன்

*

ஸ்கெக்னஸ்
28 மார்ச் 2003

நோரீன்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சமையலறைக்குப் போகவே பிடிக்கவில்லை. என் அம்மா செத்து இருபது வருஷமாகிறது. அவள் பதில் சொல்ல முடியாது. எனக்கு அப்போது இருபது வயது, அவள் வீட்டில் அவள் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். பின்னால் போகாமல் என்ன செய்வேன்? தப்புதான். இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் நீ ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டாய். அந்தப் பெண் நின்ற மறுவாரமே நாங்கள் எல்லோரும் திரும்பி வந்தோம். கூட்டம் வாசல்வரை நின்றது. "வாங்கம்மா, ரொம்ப நாளாச்சே" என்று சிரித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தவள் யார்? நீதானே? பிறகு ஏன் மே மாதம் மூடினார் உன் அப்பா? அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

குழு உன் பக்கத்தைப் போட மாட்டேன் என்கிறது. "காலம் மாறியது, ஆல்சாப் கடையும் போனது" என்று நானே இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. மே மாதம் வெளியீட்டு விழா, கட்டாயம் வா. என் வீட்டிலேயே தங்கலாம்.

பெரில்

*

நாட்டிங்ஹாம்
6 மே 2003

பெரில்,

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஐசில்டா தானாக நிற்கவில்லை. நான்தான் அனுப்பினேன்.

ஜனவரியில் ஒரு நாள் அப்பா மாவு வாங்கப் போயிருந்தார். "அப்பாவுக்கு உங்ககிட்ட சொல்லக் கூச்சமா இருக்கு. நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு என்னைச் சொல்லச் சொன்னார்" என்றேன். அவள் கடை மேலங்கியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் போனாள். அப்பாவிடம், அவளுக்கு வேறு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்றேன். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். நான் சிரித்தேன், ஆமாம். அப்பாவால்தான் உங்கள் கையில் ரொட்டியைக் கொடுக்க முடியவில்லை. நீங்கள் வந்து நின்றால் அடுப்பறைக்குப் போய்விடுவார். வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தபோதுதான் கடையை மூடினார்.

1981இல் ஒரு பேருந்தில் ஐசில்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகள் ஹைசன் கிரீன் பகுதியில் முடி திருத்தும் கடை வைத்திருப்பதாகச் சொன்னாள். "அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நல்லா இருக்கார் என்றேன். செத்துவிட்டார் என்றால் அவள் ஆறுதலாக என் கையைப் பிடித்திருப்பாள். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

உன் கடிதம் வந்தபின் அந்த மகளைத் தேடிப் போனேன். ஐசில்டா போன வருஷம் இறந்துவிட்டாளாம். கடை வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் அந்தப் பெண். "ஆல்சாப் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்னு வீட்டுக்கு வந்ததும் சொன்னாங்க."

"பின்ன ஏன் திரும்பி வரல?"

"நீங்களும் உங்கப்பாவும் ஒரே வீட்டுல இருக்கணுமே. அவருக்குத் தெரிஞ்சா உங்கள மன்னிக்க மாட்டார்னு சொன்னாங்க." பிறகு, "உள்ள ஆள் காத்திருக்காங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

விழாவுக்கு நான் வரவில்லை. உன் இரண்டு வரி அப்படியே இருக்கட்டும். என் பக்கத்தைப் போட்டிருந்தாலும் அது பாதிப் பொய்தான். இனி உனக்கு எழுத மாட்டேன், பெரில். உன்மேல் கோபம் என்று நினைக்காதே. உனக்கு எழுத உட்கார்ந்தால், அன்று கவுண்டரில் சிரித்த மாதிரியே எழுத வருகிறது.

நோரீன் ஆல்சாப்