பம்பு நின்ற பொங்கல்

ஜனவரி 6, 2004
முதல் முறையாக எனக்கே எனக்கென்று ஒரு வேலை. குரோம்பேட்டை ஆபீசில் ஸ்ரீரங்கன் சார் கூப்பிட்டு, "ஜஹீரா, கீழ்க்கட்டளை தாண்டி ஒரு கிராவல் குவாரி. சுத்தி இருக்கற கிணறெல்லாம் வத்திடுச்சுன்னு புகார். காரணம் குவாரியா, மழை இல்லாததான்னு பாத்துச் சொல்லணும். நீயே போ" என்றார். நிலத்தடி நீர் படித்தவளுக்கு வேறென்ன வேண்டும்? பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா பையை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

ஜனவரி 8
குவாரி முதலாளி ஒரு பெண், ஞானஜோதி. கணவர் இறந்த பிறகு தானே நடத்துகிறார். பள்ளத்தின் அடியில் பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, ஊறும் தண்ணீரை ரோட்டோரக் கால்வாயில் கொட்டுகிறது. "மெட்ராஸ் முழுக்கத் தண்ணி இல்ல. அதுக்கு என் பள்ளம் இன்னா பண்ணும்?" என்றார். நியாயமான கேள்வி.

அடுத்த தெருவில் அஞ்சம்மாள் வீடு. தெருவே நம்பியிருந்த கிணற்றில் இப்போது சேறுதான். "அளந்துகினு போனவங்க ஒருத்தரும் திரும்பல. நீயாச்சும் வருவியா?" வருவேன் என்றேன். எதை நம்பிச் சொன்னேன்?

ஜனவரி 11
குளிக்கும்போது தோன்றியது. பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போவார்கள். பம்பையும் நிறுத்தினால்? மழையே இல்லாமல் கிணற்றில் தண்ணீர் ஏறினால்? தலையில் சோப்போடு கத்திவிட்டேன். கரப்பான்பூச்சி என்று நினைத்து அம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

ஜனவரி 12
ஞானஜோதி முதலில் மறுத்தார். "பள்ளம் ரொம்பிட்டா ஆளுங்க எறங்க முடியாது."
"உங்க பள்ளம் காரணம் இல்லேன்னா அதையும் நான்தானேக்கா எழுதித் தரணும்."
"எழுதுவியா?"
"எழுதுவேன்."
பண்டிகை முடியும்வரை நிறுத்த ஒப்புக்கொண்டார்.

ஜனவரி 17
ஏறுகிறது! பள்ளத்தை ஒட்டிய கிணறுகள் மட்டும். தொலைவில் இருக்கும் கோயில் கிணறு அசையவே இல்லை. மழையும் இல்லை. அப்படியென்றால் பம்புதான், பம்புதான், பம்புதான். கிணற்றைச் சுற்றி ஆடினேன். "பாத்து மே, உள்ள வுழுந்துடப் போற" என்று சொல்லி அஞ்சம்மாள் ஒரு கரும்புத் துண்டைக் கையில் திணித்தார். பல் வலிக்க வலிக்கத் தின்றேன்.

ஜனவரி 19
ஞானஜோதியிடம் இளித்துக்கொண்டே சொன்னேன். கேட்டுவிட்டு, "இவ்ளோ சந்தோஷமா சொல்றியே. அது என் சோறு" என்றார். ஏன் எனக்கு இது தோன்றவில்லை? அவரை நம்பி எத்தனை குடும்பம்.

உட்கார்ந்து பேசினோம். மூட வேண்டாம். இனி ஆழமாகத் தோண்டாமல் மேட்டுப் பக்கமாக அகலப்படுத்தலாம். பம்புத் தண்ணீரைக் கால்வாயில் விடாமல், ஒரு தொட்டியில் மண் படியவிட்டு, கிணறுகளுக்குச் சற்று மேலே, மேட்டில் காய்ந்து கிடக்கும் குட்டையில் விடலாம். அங்கே ஊறி மறுபடியும் கிணற்றுக்கே போகும். "எழுதிக் குடு, பாக்கறேன்" என்றார்.

ஜனவரி 21
அறிக்கையைப் படித்துவிட்டு சார், "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து இது பாராட்டு விழா.

பிப்ரவரி 2
ஞானஜோதியிடமிருந்து போன் இல்லை. நான் நகம் கடிக்கிறேன்.

பிப்ரவரி 5
போன் வந்தது. "குழாய் போட்டாச்சு. வந்து பாரு." பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை, ஆட்டோ. குட்டையின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் நுழைந்து குமிழி விட்டது. ஞானஜோதி செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இறங்கி நின்றார். நானும்.

மார்ச் 9
கிணறு அளக்கப் போனேன். நாடாவை இறக்க அஞ்சம்மாள் விடவில்லை. "தண்ணி மொண்டுகினு கீறாங்க இல்ல? அப்பால அள." குடங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். என் முறை வரவே மாட்டேன் என்கிறது.